குடத்துக்குள் போகாத ஓலைகள்

(வாத்தியாரைக் கேளுங்கள்: ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, தேர்தலை வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பற்றித்தான். முப்பத்து மூன்று வருஷம் கடலூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் குடிமையியல் நடத்தியவன் நான். அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் வெறுக்கும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும். வெறுப்புக்கு நானும் கொஞ்சம் காரணமாக இருந்திருக்கிறேன். அதனால் இந்த முறை வேறு கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் உத்திரமேரூர் குடவோலை முறையை நாடகமாகப் போடப்போகிறோம். 'உலகுக்கே ஜனநாயகம் கற்றுத்தந்த தமிழன்' என்று தலைப்பு வைத்திருக்கிறோம். என்னென்ன காட்சிகள் வைக்கலாம்?
ஒரு பட்டதாரி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

நாடகம் போடுங்கள் அம்மா, நல்ல விஷயம். தலைப்பை மட்டும் விழாவுக்கு முந்தின வாரம் மாற்றிக்கொள்ளலாம். கல்வெட்டை முழுக்கப் படித்த பிறகு நீங்களே மாற்றிவிடுவீர்கள்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பவை சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள். கணக்குப்படி கி.பி. 919, 921. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வேலைகளைப் பார்க்கும் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்க ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். மேடையில் நீங்கள் காட்ட வேண்டிய காட்சி அதற்குப் பிறகு வருவது. சபை நிறைந்திருக்கும். கோயில் நம்பிமார், அதாவது பூசாரிகள், எல்லாரும் வந்திருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து எல்லார் கண்ணிலும் படும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுபிள்ளை ஒருவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். அவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் (நடுவர்) ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், கைக்குள் இன்னொரு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக. வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும். அந்த ஐந்து விரலைச் சொன்னால் போதும், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலும் எவனோ ஒருவன் கையில் ஓலையை மறைத்திருக்கிறான் என்று உடனே புரிந்துகொள்வார்கள்.

ஆனால் பாருங்கள், இது ஓட்டு அல்ல. குலுக்கல். யாருக்கும் யாரும் வாக்களிக்கவில்லை. பழைய ஏதென்ஸிலும் ஐந்நூற்றுவர் அவைக்கு ஆளைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்கள். குலுக்கலிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை வகுப்பில் தனியாகப் பேசலாம். அதற்காக 'ரகசிய வாக்கெடுப்பு' என்று சொல்லிக்கொடுத்தால் அது தப்பான பாடம்.

அடுத்தது, யார் பெயர் குடத்துக்குள் போகலாம்? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் என்று வையுங்கள். சொந்த மனையில் கட்டின வீடு. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி வயது 35க்கு மேல், 70க்குள். வேதமும் மந்திரப் பிராமணம் என்ற வேத நூலும் தெரிந்திருக்க வேண்டும். படிப்பு அதிகம் இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. இது பிராமணர்களுக்குத் தரப்பட்ட ஊர், அவர்களுடைய சபை. மற்ற ஊர்களில் 'ஊர்' என்றே பெயர் கொண்ட சபைகளும், வணிகர்களுக்கு 'நகரம்' என்ற சபையும் இருந்தன. அங்கெல்லாம் உத்திரமேரூர்ச் சட்டம்தான் நடந்தது என்று சொல்லிவிட முடியாது.

இதை நான் வகுப்பில் நடத்திப் பார்த்த கதையைச் சொல்கிறேன். முதல் வருஷம் ஒரு பெரிய தப்பு செய்தேன். ஒன்பதாம் வகுப்பு, 38 பிள்ளைகள். "வீட்டில் பட்டா நிலம் இருக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்றேன். பாதிப் பேர் எழுந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பையன் பெஞ்சின் அடியில் பென்சிலைத் தேட ஆரம்பித்தான். பென்சில் அவன் காதில் செருகியிருந்தது. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

மறு வருஷத்திலிருந்து சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'உனக்கு அரை வேலி நிலம், வயது 40, வேதம் தெரியும்.' 'நீ குயவர், வயது 50.' 'நீ நெல் குத்துகிறவள்.' 'உனக்கு நிலம் உண்டு, வயது 28.' 'நீ போன வருஷம் ஏரி வாரியத்தில் இருந்தாய், கணக்குக் காட்டவில்லை.' 'நீ அவனுடைய அக்கா புருஷன்.' பிறகு ஒவ்வொரு விதியாக வாசிப்பேன். பொருந்தாதவர்கள் சுவர் ஓரமாகப் போய் நிற்க வேண்டும். எல்லாப் பெண்களும் முதல் விதிக்கு முன்னாலேயே எழுந்து போக வேண்டியிருக்கும். கடைசியில் ஐந்தோ ஆறோ பேர்தான் பெஞ்சில் மிஞ்சுவார்கள். வாட்டர் பாட்டிலைப் போட்டுவைக்கிற பிளாஸ்டிக் குடத்தில் அவர்கள் பெயரைப் போட்டுக் குலுக்குவோம். சுவர் ஓரத்தில் நின்ற மற்ற எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். அந்த முப்பது நிமிஷத்துக்குப் பிறகு நான் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

சரி, அப்படியானால் அந்தக் கல்வெட்டில் பெருமைப்பட ஒன்றுமில்லையா? இருக்கிறது. எனக்குப் பிடித்த வரி எது தெரியுமா? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. அவன் மட்டும் இல்லை. அப்பன், மகன், மாமன், மாமனார், மருமகன், சகோதரி புருஷன், சகோதரி மகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள் வரை பட்டியல் போட்டு விலக்கியிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்குள் வாரியம் செய்தவனும் வரக் கூடாது. கழுதை ஏறியவனும் கள்ள ஓலை எழுதியவனும் வரக் கூடாது. (கழுதை என்றதும் வகுப்பு சிரிக்கும், விடுங்கள், சிரிக்கட்டும்.) ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர். பதவி 360 நாள். உங்கள் நாடகத்தில் குடத்துக்கு ஒரு காட்சி கொடுத்தால் கணக்குக்கு இரண்டு காட்சி கொடுங்கள். சுவர் ஓரம் நிற்பவர்களுக்குக் கடைசிக் காட்சி.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் வகுப்பு லீடர் தேர்தலில் ஜெயிக்க எல்லாருக்கும் சாக்லேட் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஜெயித்தும் விட்டான். கண்டிக்கவா, விட்டுவிடவா?
ஒரு தகப்பனார், கும்பகோணம்

சாக்லேட்டுக்குக் காசு யார் கொடுத்தது சார்? அதை முதலில் விசாரியுங்கள்.

பையனிடம் கேட்க வேண்டியது வேறு. ஜெயித்தாயே, என்ன வேலை செய்கிறாய் என்று கேளுங்கள். 'பேசுறவங்க பேரைப் போர்டில் எழுதுவேன்' என்பான். நம் பள்ளிகளில் லீடருக்குக் கொடுத்திருக்கும் ஒரே வேலை அதுதான். பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவன் மறுநாளிலிருந்து வாத்தியாருக்கு ஏட்டு வேலை பார்க்கிறான். தங்களைக் காட்டிக்கொடுக்கப்போகிறவனுக்கு ஓட்டுப் போடும்போது, அட, ஒரு சாக்லேட்டாவது கிடைக்கட்டும் என்று நினைப்பதில் தப்பு என்ன?

என் வகுப்பில் லீடர் பதவியை எடுத்துவிட்டு நான்கு வாரியம் வைத்தேன். தண்ணீர், சாக்பீஸ், செடி, விளையாட்டுச் சாமான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேர்தல். பதவி முடியும்போது எல்லார் முன்னாலும் கணக்கு. சாக்பீஸ் வாரியத்தில் இருந்த ஒரு பெண், 'ஒரு டப்பாவில் 9 சாக்பீஸ் கணக்கில் வரவில்லை, சார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க' என்று வாசித்தாள். உண்மைதான், என் மகளுக்குக் கோலம் போட எடுத்துப் போயிருந்தேன். மறுநாள் ஒரு டப்பா வாங்கி வைத்தேன். இதை உங்கள் மகனின் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

'உள்ளாட்சித் தேர்தல் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும்?' என்ற கேள்விக்கு ஒரு மாணவன் 'நடக்கும்போது நடக்கும்' என்று எழுதியிருக்கிறான். மதிப்பெண் போடலாமா?
ஓர் ஆசிரியர், சேலம்

விடைக் குறிப்பில் '5 ஆண்டுகள்' என்று இருக்கும், அதனால் போட முடியாது. ஆனால் அந்தப் பையனைக் கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுங்கள்.

அரசியல் சட்டம் 5 ஆண்டு என்று சொல்கிறது. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24லிலும் நகரங்களுக்கான 74ஆவது திருத்தம் அதே வருஷம் ஜூன் 1லிலும் நடைமுறைக்கு வந்தன. அதை ஒட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. அதற்கு முன்னால் நிலைமை எப்படி? 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி, இந்தியாவிலேயே பழையது. அதன் மன்றத்தை 1973இல் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996. இருபத்து மூன்று வருஷம் அவ்வளவு பெரிய நகரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரே கிடையாது.

திருத்தத்துக்குப் பிறகு 1996, 2001, 2006, 2011 என்று ஒழுங்காக வந்தது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டியதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30. விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி 19. 2019இல் தேர்தல் நடந்த ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். இந்த வருஷங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு இடைவெளிகளைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு வாத்தியாரும் சந்தோஷப்படுவார்.

உள்ளாட்சித் தேர்தலில் நாலு கலரில் ஓட்டுச் சீட்டு ஏன்?
பத்தாம் வகுப்பு மாணவி, விருத்தாசலம்

கிராமத்தில் ஒருவர் நான்கு ஓட்டுப் போட வேண்டும் அம்மா. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் ஒரு வார்டுக்கு நீலம் கொடுப்பார்கள். முதல் இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், டெல்லியில் இருக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல. இந்த ஒரு வித்தியாசம் தெரியாத பெரியவர்கள் ஏராளம், வீட்டில் கேட்டுப் பார். வாக்களிக்க 18 வயது, போட்டியிட 21. கணக்குப் போட்டுவைத்துக்கொள்.

நான் வார்டு உறுப்பினராக இருந்தவள். கிராம சபைக்குப் பள்ளிப் பிள்ளைகளை வரச் சொல்லலாமா? வந்தால் என்ன செய்ய வைக்கலாம்?
ஒரு வாசகி, அரியலூர் மாவட்டம்

கிராம சபையின் உறுப்பினர்கள் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள். பிள்ளைகளுக்குத் தீர்மானத்தில் உரிமை இல்லை. உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் சும்மா உட்கார வைத்தால் கால் மணி நேரத்தில் ஒருத்தரை ஒருத்தர் கிள்ள ஆரம்பித்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

நான் ஓர் அக்டோபர் 2 அன்று பத்தாம் வகுப்பிலிருந்து ஆறு பேரை மட்டும் கூட்டிப் போனேன். ஒருவன் தலை எண்ண வேண்டும். ஒருத்தி, எத்தனை பெண்கள் பேசினார்கள் என்று குறிக்க வேண்டும். ஒருவன், தண்ணீர் என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று கோடு போட வேண்டும். ஒருத்தி வரவு செலவுப் பலகையைப் பார்த்து அப்படியே நோட்டில் எழுத வேண்டும். இன்னும் இரண்டு பேர் தீர்மானங்களை எழுத வேண்டும்.

எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அந்த ஊரில் மக்கள்தொகை மூவாயிரத்துக்குள். விதிப்படி 100 பேர் வந்திருக்க வேண்டும். (500 வரை என்றால் 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.) எண்ணிய பையன் 61 என்று எழுதியிருந்தான். நாலு தடவை எண்ணினேன் சார் என்றான். கூட்டம் முடிந்த பிறகு கையெழுத்து நோட்டு ஒருவர் கையில் தெருத் தெருவாக நடந்து போனது. சாயங்காலம் அதில் நூற்றுப் பத்துக்கு மேல் இருந்தது. பையன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வது? 'உன் நோட்டில் 61 என்றே இருக்கட்டும்' என்றேன். பெண்கள் பேசியது இரண்டு பேர், இரண்டு பேரும் தண்ணீர் பற்றி. தண்ணீர் என்ற சொல்லுக்கு மட்டும் நாற்பத்து மூன்று கோடு.

வருஷத்தில் ஆறு நாள் இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இரண்டு நாளாவது கூட்டி வாருங்கள். தலைவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் நோட்டுடன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடுவார்.

எங்கள் ஊரில் தலைவர் பதவியை ஏலம் விட்டார்கள். அந்தப் பணத்தில் கோயில் கட்டினார்கள். 'நல்லதுதானே மிஸ், சண்டை இல்லை, செலவு இல்லை' என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
ஓர் ஆசிரியை (ஊர் பெயர் வேண்டாம் என்கிறார்)

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. அந்த ஏலத்தில் கை தூக்கியவரின் பிள்ளையே உங்கள் வகுப்பில் இருக்கலாம்.

'சட்டப்படி குற்றம்' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். குற்றம்தான். ஆனால் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ஒட்டாது. முதல் கேள்விக்கு எழுதினேனே, அந்தச் சீட்டுகளை எடுங்கள். இந்த முறை 'உன்னிடம் 20 லட்சம் இருக்கிறது', 'நீ நூறு நாள் வேலைக்குப் போகிறாய்', 'நீ இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவள்', 'ஏலம் நடக்கும் கோயில் வாசலில் உன்னை நிற்க விட மாட்டார்கள்' என்று எழுதுங்கள். யார் யார் ஏலத்துக்கு வர முடியும் என்று கேளுங்கள். மறுபடி சுவர் ஓரம் நிறைந்துவிடும். கோயிலுக்குக் கொடுத்த பணத்தை ஐந்து வருஷத்தில் அவர் எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்று ஒரு பையன் கட்டாயம் கேட்பான். நீங்கள் கேட்காதீர்கள், அவன் கேட்கட்டும்.

கூடவே சமீப வரலாற்றையும் சொல்லுங்கள். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட இந்த ஊராட்சிகளில் பத்து வருஷம் தலைவர் பதவி உட்கார்ந்து வேலை செய்ய முடியாத பதவியாக இருந்தது. மனுப் போட ஆள் இல்லை, போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் ஒதுக்கீட்டில் ஜெயித்துத் தலைவரான முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் போகும்போது வழிமறித்துக் கொன்றார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். நான் சொல்லியிருக்கிறேன். குரலை உயர்த்தாமல், தேதியும் ஊரும் மட்டும். கொன்றவர்கள் எந்தச் சாதி என்று உடனே ஒரு பிள்ளை கேட்கும். 'முருகேசன் எந்தப் பதவியில் இருந்தார், அதை முதலில் எழுது' என்பேன். மற்றதையும் மறைக்க மாட்டேன், அடுத்த வகுப்பில் பேசுவோம்.

'சண்டை இல்லாமல் முடிந்தது' என்று உங்கள் மாணவர்கள் சொல்கிறார்களே, அங்கே சண்டை போடக்கூட உரிமை இல்லாதவர்கள் யார் என்று வீட்டில் விசாரித்து வரச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஓட்டுரிமை எப்போது வந்தது? 1950 என்று ஒரு புத்தகத்திலும் 1921 என்று இன்னொன்றிலும் இருக்கிறது.
போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தென்காசி

இரண்டும் சரி. 1921இல் சென்னை மாகாணம் சட்டமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாக. ஆனால் அன்று ஆணானாலும் பெண்ணானாலும் சொத்து, வரி என்று தகுதி வேண்டும். ஓலைக் குடத்தின் நிலத் தகுதி போகவே இல்லை, பார்த்தீர்களா! வயது வந்த எல்லாருக்கும் என்பது அரசியல் சட்டத்தோடு வந்தது, முதல் பொதுத்தேர்தல் 1951-52. அப்போது வயது 21. அதை 18 ஆக்கியது 61ஆவது திருத்தம், 1989 மார்ச்சிலிருந்து.

இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் எப்போதாவது தேர்தலில் நின்றிருக்கிறீர்களா?
பழைய வாசகர், சிதம்பரம்

மாட்டிக்கொண்டேன். பணியில் இருந்தவரை சாவடியில் மை வைக்கிற வேலைதான். ஓய்வுக்குப் பிறகு, 2019 டிசம்பரில் எங்கள் வார்டுக்கு நின்றேன். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என்னிடம் படித்தவர்கள், ஜெயித்துவிடுவேன் என்று நினைத்தேன். என்னிடம் படித்ததே பாதகமாகப் போயிற்று. பிரம்படி வாங்கியவர்கள் எல்லாருக்கும் 18 வயது ஆகியிருந்தது.

14 ஓட்டில் தோற்றேன். ஜெயித்தவள் என் பழைய மாணவி, அந்தச் சாக்பீஸ் கணக்கு வாசித்தவள். முடிவு தெரிய விடிகாலை ஆகிவிட்டது, பெட்டியைத் திறந்தால் நாலு கலரும் கலந்துகிடக்கும், பிரித்து அடுக்கவே நேரம் போய்விடும். காலையில் வீட்டுக்கு வந்து, "சார், உங்க நோட்டீஸில் மூணாவது வாக்குறுதி என்ன?" என்று கேட்டாள். முனை வீட்டுப் பக்கத்துக் கம்பத்தில் விளக்கு என்றேன். ஏப்ரலுக்குள் விளக்கு எரிந்தது. அது எத்தனை வாட், என்ன விலை என்று ஒரு தாளில் எழுதி என் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.